கசடு கற்பித்த பாடம்



கல்லாவியை உள்ளடக்கிய எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊடே தென்பெண்ணை ஓடுகிறது. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் புறப்பகுதிகளைக் கடந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அது அடைகிறது. நகரக் கழிவு கலந்து அவ்வணையில் நுரை பொங்கியதுண்டு. மேலூர் கழித்தது கீழூரை வந்தடைகிறது. ஆகவே, கழிவுநீரைத் தூய்மை செய்யும் கலையின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் கழிவுநீரைக் குப்பியில் இட்டுக் காற்றைச் செலுத்தினர். அது தூய்மை பெற முதலில் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசடின்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினர். பன்முறை இவ்வாறு செய்யவே, ஒரே நாளில் வேலை முடிந்தது! 1914 இல் இம்முடிவை உலகுக்கு அறிவித்தனர். வேண்டாததென்று எறியப்பட்ட கசடிலேதான் தூய்மை செய்யும் நுண்ணுயிர்கள் குடியிருந்தன.

ஆனால், அழுக்கை உண்ட உயிர்கள் பெருகுமல்லவா? உணவில் ஏறத்தாழப் பாதி புதிய உயிரணுக்களாகிறது. நீர் தெளிந்தது, சேறு குவிந்தது. அதைக் குறைப்பது எப்படி?

வழிகள் சில உண்டு. நெடுநேரம் காற்றூட்டிப் பட்டினியிட்டால், நுண்ணுயிர்கள் தம் உடலையே கரைத்து வாழும். கசடு குறையும், மின்செலவோ மிகும். காற்றுப் புகாத தொட்டியில் செரிக்கவிட்டால், கசடிலுள்ள கரிமப் பொருளில் ஏறத்தாழப் பாதி மறைந்து எரிவாயு கிடைக்கும். சென்னைக் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் அவ்வாயுவினால் மின்சாரம் எடுத்துள்ளனர்.

மான்செஸ்டர் ஆய்வுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் என்பார் 1916 இல் நமக்கு அண்மையிலுள்ள பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்து சேர்ந்தார். கசடிலுள்ள நைட்ரஜன் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் கருத்து.

அக்கருத்து அருமையானதே. எனினும், ஆலைகள் நிறைந்த எங்கள் பகுதியில் ஓர் எச்சரிக்கை வேண்டும். முலாம் பூசும் பட்டறையின் குரோமியமும் நிக்கலும் சாக்கடையில் கலந்தால், அவை கசடில் தங்கிவிடும். எந்த நுண்ணுயிரும் உலோகத்தைத் தின்று தீர்ப்பதில்லை. அத்தகைய கசடு உரமாகாது; நஞ்சாகும். ஆதலின், ஆலை வாயிலிலேயே அதைத் தடுப்பது முதற்கடமை. கசடைக் குறைக்கும் கலை, கலக்கத் தகாததைக் கலவாமையில் தொடங்குகிறது என்பேன்.