பலே நடனத்தில் இருவர் ஆடல்: தாங்கும் கரத்தின் வரலாறு

பலே நடனத்தில் ஆணும் பெண்ணும் இணைந்தாடும் பகுதி பிரெஞ்சு மொழியில் 'பா த தூ' எனப்படும். 'இருவருக்குரிய அடி' என்பது அதன் பொருளாகும். எனினும், அவ்விருவரும் எக்காலத்தும் சமமாக மதிக்கப்பட்டனர் எனக் கொள்வதற்கில்லை.

1661இல் பதினான்காம் லூயி மன்னன் பாரிஸில் அரச நடனக் கழகத்தை நிறுவியபோது அரங்கில் ஆடவரே முதன்மை பெற்றிருந்தனர். தொழில்முறை நடன மாதர் பாரிஸ் ஓப்பரா மேடையில் தோன்றியது 1681இலேயாம். 1832இல் 'லா சில்பீட்' நாடகத்தில் மரீ தாலியோனி விரல்நுனியில் நின்றாடிப் பெரும்புகழ் எய்தினார். அதன்பின் பெண்ணே அரங்கின் மையமானாள். ஆணோ அவளைத் தாங்கும் தூண் என்னும் நிலைக்குக் குறுகினான். 1870இல் பாரிஸில் அரங்கேறிய 'கொப்பேலியா'வில் காதலன் பாத்திரத்தையே ஒரு பெண் ஏற்றாடினாள்.

இச்சரிவை ஓரளவு ஈடுசெய்தவர், பிரான்சிற் பிறந்து ரஷ்யாவிற் பணியாற்றிய மாரியுஸ் பெத்திப்பா ஆவார். இருவரும் மெல்லென ஆடும் 'அடாஜியோ', ஆணின் தனியாடல், பெண்ணின் தனியாடல், இருவரும் விரைந்தாடும் 'கோடா' என்னும் ஒழுங்கு அவர் படைப்புகளில் நிலைபெற்றது. ஆணுக்குத் தன் ஆற்றலைக் காட்ட இடங்கிடைத்தது. ஆயினும் அடாஜியோவில் அவன் துணைநிற்பவனாகவே எஞ்சினான்.

1957இல் நியூயோர்க்கில் பலன்சீன் அமைத்த 'அகோன்' இவ்வாடலுக்குப் புதியதொரு பொருளை அளித்தது. கறுப்பினத்தவரான ஆதர் மிற்செலும் வெள்ளையினத்தவரான டயானா அடம்ஸும் அதில் இணைந்தாடினர். லிற்றில் றொக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் படைக்காவலுடன் பாடசாலை புகுந்த ஆண்டும் அதுவே. எனவே, ஒரு கரம் மற்றொரு கரத்தைப் பற்றுதல் அழகியற் செயலாக மட்டும் அமையவில்லை. யார் யாரைத் தாங்கலாம் என்ற வினாவுக்கு விடையளிப்பதில் நடன ஆசிரியனோடு சமுதாயமும் பங்குகொள்கின்றது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.