பியரின் பெயர் தாங்கிய கடலடி மலை

2025 செப்டெம்பரில் வெளிவந்த ஒரு செய்தியை நான் இரண்டு தடவைகள் வாசித்தேன். இந்து சமுத்திரத்தின் அடியிலுள்ள கார்ல்ஸ்பேர்க் மலைத்தொடரில், 10,000 சதுர கிலோமீற்றர் பரப்பினுள் உலோகக் கந்தகப் படிவுகளைத் தேடுவதற்கான 15 ஆண்டு ஒப்பந்தத்தில், சர்வதேச கடற்படுகை அதிகாரசபையுடன் இந்தியா கைச்சாத்திட்டிருந்தது. முதல் தடவை செய்திக்காக வாசித்தேன். இரண்டாவது தடவை அந்தப் பெயருக்காக. கொழும்பு மதுக்கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் கண்டு பழகிய பியர்ப் போத்தலின் பெயர் நமது சமுத்திரத்தின் அடியில் கிடக்கும் மலைக்கு எவ்வாறு வந்தது?

ஐயம் சரியானதே. அது பியரின் பெயர்தான். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றி ஆய்வு நடத்திய 'டானா' என்ற டென்மார்க் கப்பலின் தலைவர் யொஹான்னஸ் ஷ்மிட். விலாங்கு மீன்களின் பிறப்பிடத்தைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டவர். அவரது பயணத்துக்குப் பணம் கொடுத்தது கார்ல்ஸ்பேர்க் மதுவடிசாலையின் வருமானத்தில் இயங்கும் அறக்கட்டளை. ஒலி ஆழமானி அரபிக் கடலின் தெற்கே எதிர்பாராத மேடொன்றைக் காட்டியபோது, புரவலரின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார்.

அந்த மலையின் கல்லை ஆராய்ந்து விரிவாக எழுதும் வாய்ப்பு அடுத்து வந்த பயணத்துக்கே கிடைத்தது. சேர் ஜோன் மரே என்ற கடலாய்வாளர் விட்டுச் சென்ற பணத்தில், எகிப்திய அரசின் 'மபாஹித்' என்ற சிறிய கப்பல் 1933 செப்டெம்பரில் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டு 1934 மே மாதம் திரும்பியது. (மரேயின் செல்வமும் இந்து சமுத்திரத்திலிருந்து வந்ததே, கிறிஸ்மஸ் தீவின் பொஸ்பேற்று அவருக்கு அதைத் தேடிக் கொடுத்தது.) தலைவர் ஆங்கிலேயரான சீமோர் சுவெல், மாலுமிகளில் பெரும்பாலானோர் எகிப்தியர். கப்பலின் மருத்துவராகச் சென்ற ஹுசைன் பௌசி பின்னாளில் எகிப்தின் பெயர்பெற்ற எழுத்தாளரானார்.

அவர்கள் மலைத்தொடரிலிருந்து வாரியெடுத்த கற்களை ஜோன் வைஸ்மன் என்பவர் ஆராய்ந்தார். அவை பசால்ட் எனப்படும் கரிய எரிமலைப் பாறைகள். வைஸ்மனும் சுவெலும் 1937இல் இன்னொன்றையும் எழுதினர். மலைத்தொடரை ஒட்டி நீளமான ஆழ்பள்ளம் ஒன்று ஓடுகிறது, அதன் அமைப்பு கிழக்காபிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கை ஒத்திருக்கிறது என்பதே அது. பூமி பிளந்து விலகும் இடமொன்றின் வாசலில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் அக்காலத்து அறிஞருலகம் கண்டங்கள் நகரும் என்பதை நம்ப ஆயத்தமாக இருக்கவில்லை. அந்தக் குறிப்பு அதிகம் பேசப்படாமலே போயிற்று. 1952இல் அமெரிக்காவில் மேரி தார்ப் அத்திலாந்திக்கின் நடுவே இதே போன்ற பள்ளத்தைத் தாளில் வரைந்து காட்டியபோதும், அது வெறும் 'பெண்பிள்ளைப் பேச்சு' என்றுதான் அவரது சக ஆய்வாளர் முதலில் ஒதுக்கினார்.

இந்தக் கல் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலைத்தொடரின் நடுப்பிளவு வழியாக ஏறக்குறைய 1,200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எரிமலைக் குழம்பு மேலெழுகிறது. வெளியே காத்திருப்பது உறைநிலையை அண்டிய கடல்நீர். தொட்ட கணத்திலேயே குழம்பின் தோல் உறைந்து கரிய கண்ணாடியாகிவிடும். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பு தோலைப் பிளந்து பிதுங்கும். பிதுங்கியது மறுபடியும் உறையும். இப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக, பஞ்சு அடைத்த தலையணைகளைக் குவித்தாற்போலப் பாறைகள் குவிகின்றன. புவியியலாளர் இதற்கு இட்ட பெயரும் தலையணை லாவாதான்.

பிறந்த கல் அப்படியே இருப்பதில்லை. குளிர்ந்து சுருங்கிய பாறையின் வெடிப்புகள் வழியாகக் கடல்நீர் உட்புகுகிறது. கண்ணாடித் தோல் மஞ்சளும் கபிலமுமான மெழுகு போன்ற பொருளாக மாறுகிறது. ஒலிவைன் முதலிய கனிமங்கள் களிமண்ணாகின்றன. உடைத்துப் பார்த்தால் நடுவே கரிய கல்லும், வெடிப்புகளின் ஓரங்களில் துருவேறிய நிறமும் தெரியும்.

இந்த மாற்றத்தை நுட்பமாகக் கவனித்தவர்களுள் ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரமண்ட் மத்தியூஸ். வட அத்திலாந்திக்கின் கடலடிக் குன்றிலிருந்து எடுக்கப்பட்ட, நீர் தின்ற பசால்ட் கற்களே அவரது கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வுப் பொருள். கடலடியிலுள்ள குன்றுகள் எரிமலைப் பாறையாலானவை என்பதைக் கையில் எடுத்துப் பார்த்து அறிந்திருந்தவர் அவர்.

1962 நவம்பரில், சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணத்தின் ஓர் அங்கமாக, பிரித்தானியக் கடற்படையின் 'ஓவென்' கப்பல் கார்ல்ஸ்பேர்க் தொடரின் ஒரு பகுதியின் மேலாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் காந்தப்புலத்தை அளந்தது. அந்த அளவீடுகளை மத்தியூஸ் தமது மாணவர் பிரெட் வைனிடம் கொடுத்தார். வைன் அவற்றைக் கணினியில் இட்டுக் கணித்தார். அங்கே எரிமலைக் குன்றுகள் இரண்டு இருந்தன. ஒன்றின் காந்தம் இன்றைய பூமியின் திசையில் இருந்தது. மற்றையது தலைகீழாக இருந்தது.

அந்தத் தலைகீழ்க் குன்றுதான் திறவுகோல். பசால்ட் குழம்பு குளிரும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அந்த வேளையில் பூமியின் காந்தம் எத்திசையில் இருந்ததோ அத்திசையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பூமியின் காந்தமோ இடைக்கிடை திசை மாறுவது. கடைசியாக மாறியது ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர். கடலடி நடுப்பிளவில் பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்று அமெரிக்கரான ஹரி ஹெஸ் 1962இல் எழுதியது உண்மையானால், மலைத்தொடரின் இருமருங்கும் மாறி மாறிக் காந்தப் பட்டைகள் அமைய வேண்டும். 1963 செப்டெம்பர் 7ஆம் திகதி 'நேச்சர்' இதழில் வைனும் மத்தியூஸும் இதை எழுதினர்.

ஆனால் இதே கருத்தை அதே ஆண்டின் தொடக்கத்தில் கனேடியரான லோரன்ஸ் மோர்லியும் எழுதியிருந்தார். அவர் அனுப்பியதும் அதே 'நேச்சர்' இதழுக்குத்தான். இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்க ஆய்விதழொன்றுக்கு அனுப்பினார். விருந்துகளில் பேசுவதற்கு ஏற்ற கற்பனை, ஆய்விதழுக்கு உரியதல்ல என்ற கருத்தில் அங்கும் நிராகரிக்கப்பட்டது. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகத்தில் கழித்தவன் என்ற வகையில், இடமில்லை என்ற அந்தச் சொல்லை நான் அறிவேன். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களுள் எத்தனை மோர்லிகள் இருந்தார்களோ என்ற எண்ணம் இதை வாசிக்கும்போதெல்லாம் எழுகிறது. பின்னாளில் அவரது பெயரையும் சேர்த்து இக்கருதுகோளை வைன்–மத்தியூஸ்–மோர்லி என்று வழங்கினார்கள். மபாஹித்தில் சென்றவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

கார்ல்ஸ்பேர்க் தொடரில் கடலடி ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவில் விலகுகிறது. நகம் வளரும் வேகத்திலும் சற்றுக் குறைவு. உலகின் கடலடியில் 20 கோடி ஆண்டுகளைத் தாண்டிய பாறை மிக அரிது. நமது மத்திய மலைநாட்டுப் பாறைகளோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. தீவு கிழவி, அவளைச் சூழ்ந்த கடலின் தரை குழந்தை.

கடல்நீர் அந்தக் காந்த ஆவணத்தையும் விட்டுவைப்பதில்லை. இரும்புக் கனிமங்கள் துருவேற, காந்தத்தின் வலிமை குன்றுகிறது. ஆயினும் பெரும்பாலும் திசை அழிவதில்லை. அதனால்தான் வைனுக்கு அதைப் படிக்க முடிந்தது.

பிளவுக்கு அருகே ஆழத்தில் நடப்பது வேறு. அங்கே இறங்கும் நீர் கொதிக்கும் பாறையால் சூடேறி, தன்னிடமுள்ள மக்னீசியத்தைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு, கல்லிலிருந்து இரும்பு, செம்பு, நாகம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே வெந்நீர் ஊற்றுகளைக் கண்டனர். 1979இல் மெக்சிக்கோவுக்கு அப்பால், 'அல்வின்' நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் கரும்புகை போலப் பீறிடும் நீரைக் கண்டு வெப்பமானியை நீட்டினர். அதைத் தாங்கிய பிளாஸ்ரிக் தண்டு உருகிப்போயிற்று. நீரின் வெப்பம் 350 பாகையளவில் இருந்தது. அந்த நீர் குளிர்கடலைத் தொடும்போது கரைந்த உலோகங்கள் கந்தகத்துடன் சேர்ந்து புகைபோக்கிகளாகப் படிகின்றன. இந்தியா தேடப்போவது இவற்றைத்தான்.

நமது சமுத்திரத்தில் இத்தகைய ஊற்று 2000ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகக் கண்ணால் காணப்பட்டது. கார்ல்ஸ்பேர்க்குக்குத் தெற்கே, ரொட்ரிகஸ் தீவுக்கு அப்பால், ஜப்பானியர் கண்டனர். அடுத்த ஆண்டில் அதே இடத்தில் ஒரு நத்தை அகப்பட்டது. அதன் காலை மூடியிருந்த செதில்களில் இரும்புக் கந்தகம் படிந்திருந்தது. பாறையிலிருந்து நீர் கரைத்த இரும்பையே அது கவசமாக அணிந்திருந்தது. 2019இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலைக் காரணங்காட்டி, அந்த நத்தையை அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாகப் பட்டியலிட்டது. 2025இன் ஒப்பந்தச் செய்தியில் செம்பும் நாகமும் தங்கமும் வெள்ளியும் இருந்தன. நான் வாசித்த பத்தியில் நத்தை இருக்கவில்லை.