பழைய கணினிகளும் மென்பொருள் உரிமமும்: சிறு நிறுவனங்கள் சந்தித்த சிக்கல்களின் வரலாறு

மென்பொருள் உரிமம் என்பது ஒரு மென்பொருளை இன்னார், இத்தனை கணினிகளில், இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம் என்று அதன் உரிமையாளர் வழங்கும் அனுமதி ஆகும். கடையில் பணம் கொடுத்து வாங்கும் மேசையும் நாற்காலியும் வாங்கியவருக்கே சொந்தம். மென்பொருள் அப்படி அன்று. பெட்டியும் குறுவட்டும் கைக்கு வந்தாலும், வாங்கியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயன்பாட்டு அனுமதி மட்டுமே. கணினி புதிதாக இருக்கும்வரை இந்த வேறுபாடு யாருக்கும் உறைப்பதில்லை. அது பழையதாகி, ஒரு பாகம் பழுதாகி, வேறொருவர் கைக்கு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பள்ளிகள், அச்சகங்கள், தொண்டு நிறுவனங்கள், சிறு தொழிற்கூடங்கள் ஆகியவை இதில் அதிகம் சிக்கியுள்ளன. அவ்வரலாற்றைச் சில உண்மை நிகழ்வுகளின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

மென்பொருள் தனிச் சரக்கான காலம்

1960களில் பெருங்கணினிகளை விற்ற நிறுவனங்கள் மென்பொருளையும் பயிற்சியையும் கணினியின் விலைக்குள்ளேயே அடக்கி வழங்கின. 1969 சூன் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனித் தொழிலாக வளர இது வழிவகுத்தது.

1975இல் ஆல்டேர் என்னும் சிறு கணினி சந்தைக்கு வந்தது. அதற்கான பேசிக் மொழியைப் பில் கேட்சும் பால் ஆலனும் உருவாக்கினர். பொழுதுபோக்குக் கணினி ஆர்வலர்கள் அதைத் தங்களுக்குள் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். இதைக் கண்டித்து 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட திறந்த மடல் ஒன்றை பில் கேட்ஸ் எழுதினார். உழைத்து எழுதிய நிரலுக்குப் பணம் தராமல் இருப்பது திருட்டு என்பது அவர் வாதம். நிரல் எழுதுபவரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் பிழையில்லை. ஆனால் அந்த ஊதியத்தை எந்த முறையில் பெறுவது என்பதில்தான் பின்னாளில் சிக்கல்கள் முளைத்தன.

சட்டங்களும் இம்மாற்றத்தைத் தொடர்ந்தன. அமெரிக்கா 1980இல் கணினி நிரல்களைப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. இந்தியா 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தி, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வரையறையில் சேர்த்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 63பி பிரிவின்படி, உரிமமற்ற நிரலை அறிந்தே பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். வணிக ஆதாயம் கருதாத பயன்பாடாக இருந்தால் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு விருப்புரிமை உண்டு.

கணினியோடு பிணைந்த உரிமம்

1990களில் விண்டோஸ் இயங்குதளம் பெரும்பாலும் புதிய கணினியோடு சேர்த்தே விற்கப்பட்டது. இவ்வாறு தயாரிப்பாளர் வழியாக வரும் உரிமம் ஓ.இ.எம். உரிமம் எனப்படுகிறது. தனியாக வாங்குவதைவிட இது மலிவு. ஆனால் அந்தக் கணினியோடு பிறந்து அதோடு மடியும் உரிமம் இது. வேறு கணினிக்கு மாற்ற விதி இடம் தராது. மைக்ரோசாப்டின் விளக்கப்படி, கணினியின் அடையாளம் அதன் தாய்ப்பலகை. பழுது காரணமாகத் தாய்ப்பலகையை மாற்றினால் விலக்கு உண்டு. வேகத்தைக் கூட்டுவதற்காக மாற்றினால் அது புதிய கணினி, புதிய உரிமம் வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கு மொத்த உரிமத் திட்டங்கள் இருந்தன. ஆயினும் விண்டோசுக்கான மொத்த உரிமம் மேம்படுத்தல் உரிமம் மட்டுமே. அடிப்படை உரிமம் ஒன்று ஏற்கெனவே அக்கணினியில் இருக்க வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கடைகளில், சிலவற்றை நன்கொடையாகவும் சிலவற்றை இரண்டாம் கையாகவும் பெற்று ஏழெட்டுக் கணினிகள் வைத்திருக்கும் ஓர் அமைப்பு, எந்த உரிமம் எந்தக் கணினிக்கு உரியது என்று நிறுவுவது எளிதன்று. கணினியின் பக்கவாட்டில் ஒட்டிய உரிமச் சீட்டு கிழிந்தாலே சான்று போயிற்று.

2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, செயற்படுத்தல் என்னும் முறையைப் பரவலாக்கியது. நிறுவிய 30 நாள்களுக்குள் இணையம் அல்லது தொலைபேசி வழியாக அதைப் பதிவு செய்ய வேண்டும். கணினியின் பல பாகங்களிலிருந்து ஓர் அடையாள எண் உருவாகும். பாகங்கள் பல மாறினால் மீண்டும் பதிவு கேட்கும். பாகங்களை மாற்றி மாற்றியே பழைய கணினியை ஓட்டுபவர்களுக்கு இது கூடுதல் தலைவலியாயிற்று.

எர்னி பால் நிறுவனம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கித்தார் கம்பிகள் தயாரிக்கும் எர்னி பால் ஒரு குடும்ப நிறுவனம். 2000ஆம் ஆண்டில் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிசினஸ் சாப்ட்வேர் அலையன்ஸ் கொடுத்த புகாரின்பேரில், கூட்டரசு அதிகாரிகள் அங்கே நுழைந்து கணினிகளைச் சோதித்தனர். அங்கிருந்த 72 கணினிகளில் ஏறத்தாழ 8 விழுக்காட்டில் உரிமமற்ற படிகள் இருந்தன.

இது எப்படி நேர்ந்தது என்பதை நிறுவனத் தலைவர் ஸ்டெர்லிங் பால் பின்னர் விளக்கினார். பொறியியல் பிரிவுக்குப் புதிய கணினி வாங்கினால், அவர்களின் பழைய கணினி எழுத்தர் பிரிவுக்குப் போகும். வன்தட்டை அழிக்காமல் கைமாற்றியதால், அதில் முன்பு இருந்த மென்பொருள்களும் உடன் சென்றன. அவற்றை எழுத்தர்கள் திறக்காவிட்டாலும், கணினியில் இருப்பதே மீறலாகக் கணக்கிடப்பட்டது. 65,000 டாலரும் வழக்குச் செலவாக 35,000 டாலரும் செலுத்தி வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்பின் மைக்ரோசாப்ட் மென்பொருள்களை முழுவதும் நீக்கிவிட்டு லினக்சுக்கு மாறியது அந்நிறுவனம். சிக்கனம் கருதிப் பழைய கணினியை அடுத்த பிரிவுக்குத் தருவது எந்தச் சிறு நிறுவனமும் செய்யும் செயல். அதுவே குற்றமாகக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

செப்பிச் பள்ளி வழக்கு

உருசியாவின் பெர்ம் பகுதியில் உள்ள சிற்றூர் செப்பிச். அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் அலெக்சாந்தர் பொனோசொவ். பள்ளிக்கு வந்த கணினிகளில் 12இல் உரிமமற்ற விண்டோசும் ஆபீசும் இருப்பதாக அரசு வழக்குரைஞர்கள் குற்றஞ்சாட்டினர். அவை ஏற்கெனவே மென்பொருள் நிறுவப்பட்ட நிலையிலேயே பள்ளிக்கு வந்தன என்றும், படிகளின் நிலை தமக்குத் தெரியாது என்றும் அவர் கூறினார். இருப்பினும் ஐந்தாண்டுவரை சிறைக்கு வாய்ப்புள்ள வழக்கு அவர் மீது பாய்ந்தது.

2007 பிப்ரவரியில் சோவியத் ஒன்றியத்தின் முன்னாள் தலைவர் மிகயில் கொர்பச்சேவ், பொனோசொவ் சார்பில் தலையிடுமாறு பில் கேட்சுக்குத் திறந்த மடல் எழுதினார். இது உருசிய அதிகாரிகள் தொடுத்த வழக்கு என்று கூறி மைக்ரோசாப்ட் ஒதுங்கிக்கொண்டது. பிப்ரவரியில் நீதிமன்றம் இதை அற்பமான வழக்கு என்று முடித்துவைத்தது. ஆனால் மேல்முறையீட்டுக்குப் பின் மறு விசாரணை நடந்து, மே மாதம் 5,000 ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால் குற்றவாளி என்னும் பெயரை அவர் ஏற்க மறுத்துத் தொடர்ந்து முறையிட்டார். 2008 திசம்பரில் விடுதலை பெற்றார். இதையொட்டிய காலத்தில் பெர்ம், தோம்ஸ்க், தத்தாரிஸ்தான் பகுதிப் பள்ளிகளில் லினக்சைச் சோதனை முறையில் அறிமுகப்படுத்தும் பணியை உருசிய அரசு மேற்கொண்டது.

வாங்கியவர் உரிமையாளரா?

படித்த புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் விற்கலாம். பழைய மென்பொருளை விற்கலாமா? இக்கேள்விக்கு நாடுகள் வேறுவேறு விடை தந்தன.

அமெரிக்காவில் வெர்னர் என்பவர் ஒரு கட்டடக்கலை நிறுவனத்திடமிருந்து ஆட்டோகேட் 14ஆம் வெளியீட்டின் பழைய படிகளை வாங்கி இணைய ஏலத்தில் விற்க முயன்றார். அந்நிறுவனம் புதிய பதிப்புக்கு மாறியபோது பழைய படிகளை அழிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. 2010இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மென்பொருள் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. படியை வைத்திருந்தோர் உரிமம் பெற்றவரே அன்றி உரிமையாளர் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம்.

ஐரோப்பா வேறு திசையில் சென்றது. செருமனியின் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, முறையாகச் சந்தைக்கு வந்த ஓ.இ.எம். படியைக் கணினி இல்லாமல் தனியே விற்பதைத் தடுக்க முடியாது என்று கூறியது. 2012 சூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காலவரையற்ற உரிமமாக விற்ற மென்பொருளை, தரவிறக்கம் செய்து பெற்றதாயினும், மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. விற்பவர் தம் படியை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

ஆதரவு முடியும் நாள்

உரிமம் காலவரையற்றதாக இருந்தாலும் ஆதரவுக்குக் காலவரை உண்டு. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2014 ஏப்ரல் 8 அன்று நின்றன. விண்டோஸ் 7க்கு அந்த நாள் 2020 சனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அதற்குப் பின்னும் கணினி இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடா. 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் விதிவிலக்காக ஒட்டு வெளியிட்டது. அன்று பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இற்றைப்படுத்தப்படாத விண்டோஸ் 7 கணினிகள்.

விண்டோஸ் 11 வந்தபோது இடைவெளி மேலும் விரிந்தது. 4 கிகாபைட் நினைவகத்தோடு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் அதற்குத் தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல இவ்வரம்புக்கு வெளியே நின்றன. விண்டோஸ் 10க்கு நீட்டித்த பாதுகாப்பு வேண்டும் நிறுவனங்களுக்கு முதலாண்டில் ஒரு கணினிக்கு 61 டாலர் என்றும், அது ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்துக்குப் புதிய கணினியே வாங்கிவிடலாம்.

தமிழ் அச்சுத் தொழிலில்

தமிழ்நாட்டின் சிறு அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பேஜ்மேக்கர் நெடுங்காலம் கோலோச்சியது. அதன் கடைசிப் பதிப்பான 7.0, 2001இல் வெளிவந்தது. அதற்குப் பதிலாக இன்டிசைனை அடோபி முன்னிறுத்தியது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஒருங்குறிக்கு முந்தையவை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. இதை ஒழுங்குபடுத்த 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியும் டேஸ்16 குறியாக்கமும் அரசுத் தரமாயின.

பழைய முறையில் தட்டச்சான நூல்கள் அந்த எழுத்துருவும் மென்பொருளும் உள்ள கணினியில்தான் சரியாகத் திறக்கும். இல்லையேல் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகக் கொட்டும். எனவே ஓர் அச்சகம் எக்ஸ்பி கணினியைக் கைவிடாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமன்று. இருபதாண்டு உழைப்பு அதற்குள் பூட்டிக் கிடக்கிறது.

பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் இப்பூட்டுக்கு விலக்கில்லை. அடோபி தன் சி.எஸ்.2 தொகுப்புக்கான செயற்படுத்தல் வழங்கியை நிறுத்தியபோது, உரிமம் பெற்றவர்களாலும் அதைப் புதிதாக நிறுவ இயலவில்லை. 2013 தொடக்கத்தில் செயற்படுத்தல் தேவைப்படாத படிகளை அவர்களுக்கென வெளியிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதம், இனிப் புதிய பதிப்புகள் சந்தா முறையில் மட்டுமே என்று அடோபி அறிவித்தது.

கட்டற்ற மென்பொருள் என்னும் மாற்று

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவற்றின் உரிமம் படியெடுப்பதையும் பகிர்வதையும் தடுப்பதில்லை, அனுமதிக்கிறது. ஆகவே பழைய கணினியைக் கைமாற்றுவது குற்றமாவதில்லை.

இந்தியாவில் சென்னை சி-டாக் மையம் பாஸ் லினக்சை உருவாக்கியது. சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது, அந்நிறுவனம் சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்த்தே நிறுவப்பட்டன.

இம்மாற்றும் இலவசச் சாப்பாடு அன்று. விண்டோஸ் என்.டி. 4.0இன் ஆதரவு முடிவதை முன்னிட்டு 2003இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்த செருமனியின் மியூனிக் நகராட்சி, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடிக்கப் பத்தாண்டு எடுத்துக்கொண்டது. 2017இல் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. தனிக் கணினிப் பிரிவு வைத்திருந்த மாநகருக்கே இந்நிலை என்றால், ஊழியர் நால்வர் உள்ள அலுவலகத்தின் பாடு சொல்ல வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளும் பழைய வன்பொருளை என்றென்றும் தாங்குவதில்லை. 2025இல் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: பழைய பதிப்பைத் தொடர்ந்து வைத்திருக்கவும், விரும்பினால் திருத்திக்கொள்ளவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மதிப்பீடு

மேற்கண்ட நிகழ்வுகளில் ஏமாற்ற எண்ணியவர் அரிது. கம்பித் தொழிற்சாலை சிக்கனம் பார்த்தது. தலைமையாசிரியர் வந்த கணினியை வாங்கி வைத்தார். அச்சகம் தன் பழைய கோப்புகளைக் காக்க நினைத்தது. கணினியின் ஆயுள், உரிமத்தின் ஆயுள், ஆதரவின் ஆயுள் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாததே அவர்கள் இடறிய இடம். வசதியுள்ள நிறுவனம் மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றி இந்த இடைவெளியைக் கடந்துவிடுகிறது. சிறிய அமைப்போ அந்த இடைவெளிக்குள்ளேயே வாழ்கிறது.

வரலாறு தரும் நடைமுறைப் பாடங்கள் எளியவை. கணினி வாங்கிய சீட்டையும் உரிமச் சான்றையும் ஒரே கோப்பில் வைத்தல், கைமாற்றும் முன் வன்தட்டை அழித்தல், முக்கிய ஆவணங்களை ஒருங்குறிக்கும் பொது வடிவங்களுக்கும் காலத்தே மாற்றி வைத்தல், ஆதரவு முடிந்த கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைத்தல் ஆகியவை பெருஞ்செலவு இல்லாதவை. உரிமச் சிக்கலை இவை முற்றிலும் நீக்கா. ஆனால் கணினி போனாலும் அதற்குள் இருக்கும் உழைப்பு போகாமல் காக்கும்.