மூச்சும் நாழிகையும்

அரபுக் கல்லூரி வகுப்பொன்றில் அல்பிரூனியின் நூல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினாத் தொடுத்தார். "ஹஜ்ரத், என் வாப்பாவுக்கு இரத்த அழுத்தம். தினமும் இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்யுமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். கைப்பேசியில் டைமர் வைத்துக்கொண்டு அமர்கிறார். சுபுஹுத் தொழுகைக்குப் பின் திக்ரில் அமரும்போதும் அதே டைமரை வைக்கிறார். வணக்கத்தைக் கருவி கொண்டு அளக்கலாமா?"

கூடும் என்று ஒரே சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆயினும் அவ்வினாவுக்குள் மூன்று வினாக்கள் பின்னிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. அரபு மொழி அவற்றிற்கு மூன்று தனிச் சொற்களை வைத்திருக்கிறது. குறித்த வேளை 'வக்து', தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடைப்பட்ட கால அளவு 'முத்தத்', எண்ணிக்கை 'அதது'. மனிதன் தன் உள்ளத்தை ஒருமுகப்படுத்த அமர்ந்த நாள் முதலாக இம்மூன்றில் எதனை அளப்பது, எக்கருவியால் அளப்பது என்னும் கேள்வி அவனைத் தொடர்ந்து வந்துள்ளது. அதற்கு நம் முன்னோரும் பிறரும் கண்ட விடைகளை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

நிழலும் முவக்கித்தும்

தொழுகை நம்பிக்கையாளர் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதைத் திருக்குர்ஆனின் 4:103ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆகவே தொழுகைக்குத் தேவைப்படுவது வக்து, முத்தத் அன்று. ஒரு ரக்அத்துக்கு இத்தனை நிமிடம் என்று எந்த ஃபிக்ஹு நூலும் விதிக்கவில்லை. அதன் நீளத்தை ஓதலே முடிவு செய்கிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஸஹர் உணவுக்கும் தொழுகைக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று வினவப்பட்டபோது, ஐம்பது வசனங்கள் ஓதும் அளவு என்று ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் விடையளித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. கால இடைவெளியை ஓதலால் அளந்த சமுதாயம் அது.

வக்தை அறியத் தொடக்க நூற்றாண்டுகளில் மனிதன் தன் நிழலையே பயன்படுத்தினான். ஒருவன் உயரம் அவன் பாதத்தால் ஏறத்தாழ ஏழடி என்று கொண்டு, நிழலைக் காலடிகளால் அளந்து பகல் தொழுகைகளின் நேரத்தை அறிந்தனர். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவை எட்டும்போது அஸர் தொடங்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இரு மடங்கை எட்டும்போது என்பது ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. தமிழகத்தில் ஷாஃபிஈகள் வாழும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களுக்கும் ஹனஃபிகள் மிகுந்த உள்நாட்டு ஊர்களுக்கும் அஸர் நேரத்தில் உள்ள வேறுபாடு இந்த நிழற்கணக்கிலிருந்து வந்ததே.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எகிப்தில் 'முவக்கித்' என்னும் பதவி தோன்றுகிறது. பள்ளிவாசலில் ஊதியம் பெற்று நேரம் கணிக்கும் வானியலாளர் இவர். இவர்களுள் தலைசிறந்தவர் திமிஷ்க் உமைய்யாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாதிர். இவர் 1371இல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட சலவைக்கல் நிழற்கடிகாரம் ஒன்றைச் செதுக்குவித்து அப்பள்ளியின் மினாராவில் அமைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1366இல், கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு பெட்டி ஒன்றையும் அவர் செய்தார். பன்னிரண்டு சென்டிமீட்டர் சதுரமான அப்பெட்டிக்கு 'ஸந்தூகுல் யவாகீத்', அதாவது மாணிக்கப் பெட்டி, என்று பெயர். கிப்லாத் திசையும் தொழுகை நேரமும் அதனுள் அடங்கின. இன்று நாம் சட்டைப் பையில் சுமக்கும் கருவியின் முன்னோடி என்று அதனைக் கூறலாம்.

இத்தனை நுட்பம் இருந்தும் இக்கருவிகள் கூறியவை வக்து ஒன்றே. அதனை அறிவித்த பின் அவை தொழுபவனோடு பேசுவதில்லை.

கிண்ணம் மூழ்கும் நேரம்

முத்தத்தை அளக்கும் கலையில் இந்தியாவுக்குத் தனிச் சிறப்புண்டு. அடியில் நுண்துளை இட்ட செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விடுவர். துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கும் நேரம் ஒரு கடிகை, தமிழில் நாழிகை. அது இருபத்து நான்கு நிமிடம். ஒரு பகலும் இரவும் சேர்ந்தது அறுபது நாழிகை. முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் நீர்க்கருவி கொண்டு அரசனுக்குப் பொழுது அறிவிக்கக் காண்கிறோம்.

ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவில் தங்கிக் கற்ற சீனத் துறவி இட்சிங், மடாலயங்களில் இத்தகைய செப்புக் கிண்ணங்கள் வைக்கப்பட்டிருந்ததையும், அவை மூழ்குந்தோறும் முரசறைந்து நேரம் அறிவிக்கப்பட்டதையும் எழுதி வைத்துள்ளார். துறவிகளின் உணவும் வழிபாடும் அந்த ஒலிக்குக் கட்டுப்பட்டிருந்தன.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கிண்ணத்தைத் தில்லியில் காண்கிறோம். சுல்தான் ஃபீரோஸ் ஷா துக்ளக் (ஆட்சி 1351-1388) தம் ஃபீரோஸாபாத் நகரில் நீர்க்கடிகையும் அதனோடு அறையப்படும் 'கடியால்' என்னும் வெண்கலத் தட்டும் நிறுவினார். வரலாற்றாசிரியர் ஷம்ஸ் ஸிராஜ் அஃபீஃப் அதனைச் சுல்தானின் புதுமைகளுள் ஒன்றாகப் போற்றி, அதன் பயன்களையும் அடுக்கிக் கூறுகிறார். மேகம் மூடிய நாளில் நிழலைக் கொண்டு தொழுகை நேரத்தை அறிய இயலாதே. அப்போதும் நோன்பு திறக்கும் வேளையிலும் இக்கருவி உதவும் என்பது அவற்றுள் அடங்கும். கருவி இந்நாட்டில் மிகப் பழையது. புதியது அதன் பணி. நாளந்தாத் துறவிக்குப் பொழுது சொன்ன கிண்ணம் தில்லி முஸ்லிமின் நோன்புக்கும் பொழுது சொல்லிற்று. அது பிற சமயத்தாரின் கருவி என்று ஒதுக்கப்படவில்லை.

கிண்ணத்திற்கு ஒரு குறையும் உண்டு. ஒருவன் அருகிலிருந்து அதனைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரின் தியானத்திற்காக மற்றொருவர் விழித்திருக்க வேண்டிய நிலை அது. கிழக்காசிய பௌத்த மடங்கள் ஊதுவத்தியைத் தேர்ந்தமைக்கு இந்தக் குறை இல்லாததும் ஒரு காரணமாகலாம். ஜப்பானிய ஜென் மடங்களில் ஒரு வத்தி எரிந்து தீரும் நேரம், ஏறத்தாழ நாற்பது நிமிடம், ஓர் அமர்வு எனப்படும். மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிப்பர். இடையில் எந்த ஒலியும் இல்லை.

மூச்சே அளவுகோல்

கருவிக்கு முன்னரே மனிதனிடம் ஓர் அளவுகோல் இருந்தது. அது அவன் மூச்சு. அல்பிரூனி (973-1048) இந்தியா பற்றிய தம் பெருநூலில் இந்நாட்டாரின் கால அளவைகளை ஆராயும்போது, ஒரு கடிகைக்கு 360 மூச்சு என்ற கணக்கைக் குறிப்பிடுகிறார். அறுபது கடிகைக்கு 21,600 மூச்சு. நம் சித்தர் மரபும் ஒரு நாளைக்கு இதே எண்ணைக் கூறும். வகுத்துப் பார்த்தால் ஒரு மூச்சுக்கு நான்கு விநாடி வருகிறது. உடலிலிருந்து எடுத்த அளவை வானியல் கணக்கோடு பொருத்திய அறிவு இது.

மூச்சினும் சிறிய அளவு மாத்திரை. கண்ணிமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியம் எழுத்தொலிக்கு மாத்திரையாக வகுத்தது. அதே மாத்திரையைக் கொண்டு திருமூலர் மூச்சை உள்ளிழுத்தல் 16, அடக்குதல் 64, வெளிவிடல் 32 என்று வரையறுத்தார். புறக்கருவி எதுவும் இப்பயிற்சிக்குத் தேவையில்லை. எண்ணுதலே அளவு, எண்ணுதலே மனத்திற்குக் கட்டு.

இவ்விடத்தில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பலரும் அறியாதது. பதஞ்சலியின் யோக நூலை ஓர் உரையுடன் அரபியில் ஆக்கியவர் அல்பிரூனியே. 'கிதாபு பாதஞ்சல்' என்னும் அந்நூலை இஸ்தான்புல் சுவடியைக் கொண்டு ஹெல்முட் ரிட்டர் 1956இல் பதிப்பித்தார். 'அமிர்தகுண்டம்' என்னும் யோக நூல் 'ஹவ்ளு மாஇல் ஹயாத்' என்று அரபி வடிவம் பெற்றது. பதினாறாம் நூற்றாண்டில் ஷத்தாரி தரீக்காவைச் சேர்ந்த குவாலியர் முஹம்மது கௌஸ் அதனைப் பார்சியில் 'பஹ்ருல் ஹயாத்' என விரித்தெழுதினார். இளவரசர் ஸலீமுக்காக, பின்னாளில் ஜஹாங்கீர் என அறியப்பட்டவருக்காக, 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட அதன் ஓவியப் படி டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. ஆசனங்களில் அமர்ந்த யோகியரை அதில் காணலாம்.

சூஃபிகளின் கணக்கு

இமாம் குஷைரி (வஃபாத் 1072) அவர்களின் 'ரிஸாலா'வில் வக்து என்னும் சொல் தனியாக விளக்கப்படுகிறது. சூஃபி தன் வக்தின் மைந்தன் என்னும் வழக்கு அங்குப் பொருள் பெறுகிறது. சென்றதற்கு வருந்துவதிலும் வருவதற்கு அஞ்சுவதிலும் நிகழ்காலத்தை இழவாதவன் என்பது அதன் கருத்து.

நக்ஷபந்தி தரீக்கா இதனைப் பயிற்சியாகவே வகுத்தது. அப்துல் காலிக் குஜ்துவானி அவர்கள் கூறிய எட்டு நெறிகளுள் முதலாவது 'ஹோஷ் தர் தம்'. எந்த மூச்சும் மறதியில் கழியாதிருத்தல் என்பது அதன் பொருள். பஹாவுத்தீன் நக்ஷபந்த் (1318-1389) அவர்கள் சேர்த்ததாகக் கூறப்படும் மூன்று நெறிகளுள் இரண்டு நம் பொருளோடு நேரே தொடர்புடையவை. 'வுகூஃபெ ஸமானி' காலத்தை உணர்ந்திருத்தல். கழிந்த நேரம் விழிப்பில் கழிந்ததா, மறதியில் கழிந்ததா என்று அவ்வப்போது கணக்குப் பார்த்தல். 'வுகூஃபெ அததி' எண்ணிக்கையை உணர்ந்திருத்தல். மணி எத்தனை என்று பார்ப்பது வேறு. நேரம் எவ்வாறு கழிந்தது என்று பார்ப்பது வேறு. முன்னதைக் கருவி செய்யும். பின்னதை எந்தக் கருவியும் செய்யாது.

கருவியைத் தேர்தல்

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். நிழல்கள் பற்றிய தம் நூலில் அல்பிரூனி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தொழுகை நேரம் அறியும் கருவி ஒன்றில் ரோமரின் மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்தமையால், பள்ளிவாசல் பொறுப்பிலிருந்த ஒருவர் அதனை ஏற்க மறுத்தாராம். ரோமர்கள் உணவும் உண்கிறார்கள். அதிலும் அவர்களுக்கு ஒப்பாகாமல் இருந்துவிடும் என்று அல்பிரூனி பதிலிறுத்தார். கருவி எங்கிருந்து வந்தது என்பது கேள்வியன்று. அது எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

அம்மாணவரிடம் நான் கூறியது இதுதான். வாப்பாவின் மூச்சுப் பயிற்சிக்கு வேண்டியது முத்தத். அதற்கு டைமர் பொருத்தமானதே. ஆனால் கிண்ணத்திற்கும் ஊதுவத்திக்கும் இருந்த பண்பு அதற்கும் வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்லி நடுவில் ஊமையாக இருக்க வேண்டும். கைப்பேசியின் குறை அதன் டைமரில் இல்லை. அதே பெட்டியிலிருந்து வரும் அழைப்புகளிலும் செய்திகளிலும் இருக்கிறது. அவற்றை அடைத்துவிட்டு, முகப்பைக் கவிழ்த்து, கைக்கெட்டாத் தொலைவில் வைக்கச் சொல்லுங்கள். அல்லது சமையலறையில் பயன்படும் சிறு டைமரே போதும். முடிவொலி திடுக்கிட வைக்காத மெல்லொலியாக இருக்கட்டும். அமைதியடைந்த நெஞ்சை அதிர்ச்சியோடு எழுப்பினால் பயிற்சியின் பயன் குறையும்.

திக்ருக்கு உரிய அளவு வேறு. தொழுகைக்குப் பின் 33 முறை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது எண்ணிக்கை, நிமிடமன்று. அங்கே விரல்களே கருவி. அலுவலுக்குச் செல்ல வேண்டியவர் காலம் தவறாதிருக்க டைமர் வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. குடும்பத்தாருக்கும் ஊழியத்துக்கும் உரிய நேரத்தைக் காப்பதும் கடமையே. ஆனால் ஒலி எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவர் உதட்டால் திக்ரு செய்து நெஞ்சால் கடிகாரம் பார்க்கிறார்.

அடுத்த வாரம் அம்மாணவர் மீண்டும் வந்தார். தந்தையார் மூச்சுப் பயிற்சிக்குச் சமையலறை டைமரை எடுத்துக்கொண்டாராம். சுபுஹுக்குப் பின் யாஸீன் ஸூராவை நிதானமாக ஓதி, தஸ்பீஹை விரல்களில் எண்ணி முடித்து எழுகிறாராம். "எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டேன். "பார்க்கவில்லை ஹஜ்ரத்" என்றார்.