கற்பிட்டி தந்த நூற்றொகுப்பாளர்

இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1942 இல். பேராதனைக்குப் பெயர்ந்தது 1952 இல். தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து அட்டவணைப்படுத்தும் பணியை அதன் நூலகம் மேற்கொள்வதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே, புத்தளக் கரையோரத்தவர் ஒருவர் அதற்கு ஒப்பானதொரு முயற்சியில் தனித்து இறங்கினார்.

கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி அரச உத்தியோகத்தர். 1838 இல் சட்டநிரூபண சபையிலும் இடம்பெற்றவர். 1834 இல் அவர் வெளியிட்ட இலங்கைக் கசற்றியர் இந்நாட்டு ஊர்களை அகரவரிசையில் விவரித்தது. 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய 'தமிழ் புளூராக்', தமிழகப் புலவரையும் ஈழத்துப் புலவரையும் ஒரே நிரலில் வைத்து, ஏறத்தாழ இருநூற்றுவர் வரலாற்றைக் கூறுவது.

அவர் தரும் காலவரையறைகள் பல இன்று ஏற்புடையன அல்ல. செவிவழிக் கதையை அவர் வரலாற்றினின்றும் பிரித்தறியவில்லை என்பர். உண்மைதான், ஆனால் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் முழுமையாக அச்சேறியதே 1887 இலன்றோ? ஏடுகள் வீடுதோறும் செல்லரித்துக் கிடந்த நாளில் அவர் எதனைக் கொண்டு ஒப்புநோக்குவார்?

ஆங்கிலத்தில் எழுதியமையே பெருங்குறை என்பது என் கருத்து. ஏடு வைத்திருந்த புலவர் குடும்பங்களுட் பலவற்றுக்கு அந்நூல் எட்டாததாயிற்று. புலவர் வரலாறுகளைத் தமிழிலேயே தொகுத்த அ. சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் 1886 இல் வெளிவந்தது. காசிச்செட்டி 1860 இலேயே காலமாகிவிட்டார்.