அக்டோபர் பீரின் கசப்பு

இந்தியாவெங்கும் போலவே டெல்லியின் மதுக்கடைகளிலும் மிகுதியாக விலைபோவது 'ஸ்ட்ராங்' என்று முத்திரையிட்ட பீரே. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஆல்கஹால் 5 விழுக்காட்டுக்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ள பீர் இவ்வகையைச் சேரும். அதில் இனிப்பும் சாராய நெடியும் உண்டு, கசப்பு பெயரளவுக்கே. இந்நாட்டின் பெயரைத் தாங்கிய 'இந்தியா பேல் ஏல்' என்னும் பீரோ உலகெங்கும் கசப்புக்கே பெயர்பெற்றது.

அதைப் பற்றிப் பரவலான கதையொன்று உண்டு. லண்டனின் போ பகுதியில் பீர் ஆலை நடத்திய ஜார்ஜ் ஹாட்ஜ்சன், இந்தியாவுக்கான நெடும் கடற்பயணத்தில் பீர் கெடுவதைக் கண்டு, ஆல்கஹாலையும் ஹாப் பூவையும் கூட்டிப் புதிய வகையொன்றைக் கண்டுபிடித்தாராம். சான்றுகள் இதற்கு இடந்தரவில்லை. வெப்ப நாடுகளுக்குச் செல்லும் பீரில் ஹாப்பைக் கூட்ட வேண்டும் என்னும் அறிவுரை 1760களிலேயே வழங்கியது. ஆறேழு விழுக்காடு ஆல்கஹால் அக்கால இங்கிலாந்தில் பெரிய வலிமையும் அன்று. ஹாட்ஜ்சனுக்கு வாய்த்தவை இரண்டு: கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அருகே ஆலை, கப்பல் தலைவர்களுக்கு அவர் தந்த நீண்ட கடன் தவணை.

அவர் அனுப்பிய பீர், நிலவுடைமைக் குடும்பங்கள் தம் மாளிகைகளிலேயே காய்ச்சி, நிலவறையில் ஆண்டுக்கணக்கில் முதிரவைத்த 'அக்டோபர் பீரின்' வழிவந்தது என்பர் வரலாற்றாளர். வீட்டில் காய்ச்சிய அந்த வலிய பீரில் கசப்பை நிலைநிறுத்துவது எளிதன்று. ஹாப் பூவின் ஆல்பா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிய பின்னரே நன்கு கரைந்து கசப்பளிக்கின்றன. மால்ட் சாறு அடர அடர, பயன்படும் பங்கு குறைகிறது. இன்று வீட்டில் பீர் காய்ச்சுவோர் கையாளும் டின்செத் சூத்திரப்படி, ஒரு மணி நேரக் கொதிப்பில் ஒப்படர்த்தி 1.050 உள்ள சாற்றில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஆல்பா அமிலம் பயனாகிறது, 1.090 உள்ள சாற்றில் 16 விழுக்காடே. எஞ்சிய இனிப்பு அதையும் மறைத்துவிடும்.

பழைய காய்ச்சுநர்களிடம் இந்தச் சூத்திரம் இல்லை. ஆயினும் அவர்கள் ஹாப்பை நீரின் அளவுக்கு அன்று, மால்ட்டின் அளவுக்கே கணக்கிட்டனர்: ஒரு குவார்ட்டர் மால்ட்டுக்கு இத்தனை பவுண்டு என்று. மால்ட் கூடினால் ஹாப்பும் தானே கூடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கான ஏலுக்கு இது 20 பவுண்டை ஒட்டி இருந்தது. நாவின் விருப்பத்தைவிடக் காவலே இதன் முதல் நோக்கம். பீரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமில பாக்டீரியாவை ஹாப்பின் அமிலங்கள் தடுக்கின்றன.

இந்தியாவிலேயே காய்ச்சத் தொடங்கியதும் சிக்கல் இடம் மாறியது. எட்வர்ட் டயர் (ஜாலியன்வாலா பாக் படுகொலையை நிகழ்த்திய ரெஜினால்ட் டயரின் தந்தை) கசௌலி மலையில் தொடங்கிய ஆலையின் வழிவந்த மோகன் மீக்கின் நிறுவனம், 1855ஐத் தன் தொடக்க ஆண்டாகக் குறிக்கிறது. பார்லி சமவெளியில் விளைந்தது. குளிர்ந்த நீர் மலையில் இருந்தது. ஹாப் மட்டும் கப்பலில் வர வேண்டும். அது கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. எனினும் கஞ்சா மண்டிய இமயச் சரிவுகளில் அது தானாக முளைத்ததில்லை. கோடையில் அதற்கு நீண்ட பகல் வேண்டும். வெப்பத்தில் கிடந்தால் ஆல்பா அமிலம் சிதைந்துவிடும் என்பது மற்றொரு தொல்லை. காஷ்மீரிலும், பின்னர் ஹிமாசலத்தின் லாஹௌலிலும் பயிரிட்டுப் பார்த்தனர். தேவை தீரவில்லை.

1949இல் நரேந்திர நாத் மோகன் அந்நிறுவனத்தைக் கைக்கொண்டார்; டெல்லியை ஒட்டிய காஜியாபாத்தில் மோகன் நகர் எழுந்தது. அதற்குள் ஹாப்பின் காவல்வேலையைக் குளிர்பதனமும் பாஸ்டர் முறையும் எடுத்துக்கொண்டிருந்தன. வலிமைக்கு மால்ட்டோடு அரிசியும் சோளமும் சர்க்கரையும் சேர்ந்தன. அவற்றுக்கு ஈடாக, விலைமிகுந்த இறக்குமதி ஹாப்பை உயர்த்தும் கட்டாயம் எவருக்கும் இல்லை. டெல்லிக்கு அப்பால் குருகிராமின் சிறு ஆலைகளில் ஐபிஏ காய்ச்சுவோர் மட்டும், அயல்நாட்டு ஹாப்பைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகின்றனர்.