சபைப்பாடல் (தஞ்சை வட்டாரம்)

சபைப்பாடல் என்பது கிறித்தவ ஆராதனையில் கூடியிருப்போர் அனைவரும் சேர்ந்து பாடுவது. பாட்டை எடுத்துக்கொடுப்பவர் காலத்துக்கும் சபைக்கும் ஏற்ப மாறுவார்: உபதேசியார், ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழு, அண்மைக் காலத்தில் ஆராதனை நடத்துபவர். பட்டுக்கோட்டையை உள்ளடக்கிய தஞ்சை வட்டாரத்தில் இதற்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. எந்த மெட்டில் பாடினால் சபை முழுதும் வாய் திறக்கும் என்பதே அதில் திரும்பத் திரும்ப எழுந்த வழக்கு.

தரங்கம்பாடியும் ஞானப்பாட்டும்

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்த லுத்தரன் குருமாரும் ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கி, ஜெர்மன் மெட்டிலேயே பாடச் செய்தனர். சென்னையில் பணியாற்றிய பெப்ரிசியஸ் (1711–1791) இவற்றைச் செம்மைப்படுத்தினார். ஞானப்பாட்டு எனப்படும் இவ்வகையில் ஒரு சங்கடம் இருந்தது. ஜெர்மன் மெட்டில் ஓர் அசைக்கு ஒரு சுரம். சுரங்களின் நீளமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் தமிழின் குறில் நெடிலாக இழுபடும், நெடில் குறுகும். ஆயினும் கேட்டுக் கேட்டுப் பழகிய சபைகள் அவற்றைத் தம் சொந்தப் பாட்டாகவே கொண்டன.

வேதநாயகம் சாஸ்திரியார்

பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயகத்தைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்துவந்து கற்பித்தவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். அவரிடம் வேதநாயகத்துடன் பயின்ற இளவரசரே பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. குறவஞ்சி, கீர்த்தனை, கும்மி என ஊரறிந்த வடிவங்களில் வேதநாயகம் எழுதினார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவற்றுள் பெயர்பெற்றது. கர்நாடக இசை அரண்மனையில் செழித்திருந்த ஊரில், ராகமும் தாளமும் ஆராதனைக்குள் நுழைந்தது இயல்பே.

1820-களில் வந்த புதிய மிஷனரிமார் இதை ஏற்கவில்லை. ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனையைத் தடுத்ததை, அவர்கள் இழைத்த நான்கு கொடுமைகளுள் ஒன்றாக 1829-இல் சாஸ்திரியார் எழுதினார். சாதி வேற்றுமையின்றி நற்கருணை பெறச் செய்ததும் அதே பட்டியலில் இருந்தது. இசையில் தமிழ் மரபைக் காத்தவர், சாதி வழக்கத்தையும் அதனோடு சேர்த்தே காக்க முயன்றார். மிஷனில் பார்த்துவந்த வேலை போனபின் சரபோஜி அவருக்கு அரசவையில் இடமளித்தார். 1864-இல் சாஸ்திரியார் மறைந்தார். அதற்கு முன்பே, 1853-இல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டதால், தடுக்கப்பட்ட பாடல்கள் மிஷன் புத்தகமாகவே பரவின.

பாடும் முறை

கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். பாட்டின் எண்ணைச் சொன்னதும் ஆர்மோனியத்தில் சுருதி எழும். நடத்துபவர் பல்லவியை எடுத்துக்கொடுக்க, சபை திருப்பிப் பாடும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவதால், எழுத்தறியாதவரும் இரண்டாம் சுற்றிலேயே சேர்ந்துகொள்ளலாம். சுருதியை உயர்த்திவிட்டால் ஆண்களின் குரல் அடங்கிப்போகும். ஏற்ற சுருதியைக் கணிப்பதே நடத்துபவரின் முதல் திறமை.

இருபதாம் நூற்றாண்டு

தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கிறித்தவப் பாடல்கள் இயற்றியதோடு, 1912-இல் இசைச் சங்கம் நிறுவி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெரும் இசையாராய்ச்சி நூலை வெளியிட்டார்.

கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்தில் மக்கள் பாட இடம் குறைவு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தாய்மொழிக்கு வழிவிட்டதும் வருகைப்பாடல், காணிக்கைப்பாடல், நற்கருணைப் பாடல் எல்லாம் தமிழில் ஒலித்தன.

கீர்த்தனைகளின் கர்நாடக இசை மேல்சாதியினரின் இசை என்ற எதிர்ப்பும் எழுந்தது. மதுரை இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். பாமரர் பாட முடியாத பாட்டு சபைக்கு உதவாது என்பது அவர் வாதம்.

இன்று

பெந்தெகொஸ்தே சபைகளில் கைத்தட்டலோடு தொடங்கிய பாணி, கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் கொண்ட ஆராதனைக் குழுவாக வளர்ந்தது. பாடலாசிரியர் பெர்க்மான்ஸ் அவர்களின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ போன்ற தொகுதிகள் சபை எல்லைகளைத் தாண்டிப் பரவின. நடத்துபவர் பாட்டுகளை இடைவிடாமல் கோத்து, ஒரே வரியைப் பலமுறை பாடவைக்கிறார். லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களிலோ ஞானப்பாட்டும் கீர்த்தனையும் புதுப்பாட்டும் ஒரே ஞாயிறு ஆராதனையில் இடம்பெறுவதுண்டு. சாஸ்திரியார் வாதாடிய கீர்த்தனை அங்கே இப்போது பழைய மரபின் பக்கம் நிற்கிறது.